மகன் மாட்டிய பூட்டு

சோப்பு ஆலையில் என் அக்கா புருஷனுக்குச் 'சங்கு' என்று பட்டப்பெயர். அவர் வாயைத் திறந்தால் ஆலைச் சங்கே தோற்றுவிடும். ஆலையில் ஃபோர்மன், வீட்டிலும் ஃபோர்மன்தான். அக்கா சிரித்தால்கூட எதற்கென்று காரணம் சொல்ல வேண்டும். அக்கா மகனும் பாவம், என்னைப் போலவே அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தான்.

கலவைத் தொட்டியைச் சுரண்டிக் கழுவ இறங்குபவன், சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்து அவனே திறந்தால்தான் இயந்திரம் ஓடும். சாவி வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. ஆனால் பையன் ஒருமுறை சாவியைத் தொலைத்துவிட்டான். "உன்னை நம்பி ஒரு ஊசியக்கூடக் குடுக்க முடியாது" என்று அத்தான் அவன் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து தன் கொத்தில் கோத்துக்கொண்டார். சங்கிடம் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்?

அன்று அவன் மனைவிக்குப் பிரசவ வலி. மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

"அப்பா, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"பிள்ளை பெறப்போறது நீயா, அவளா? தொட்டிய முடிச்சுட்டு எங்க வேணா போ."

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம். "கல்லு மனசு அத்தான் உங்களுக்கு" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தொட்டியை ஓட்டச் சொல்லி மானேஜரிடமிருந்து ஆள் வந்தது. மகனின் பூட்டு அப்படியே தொங்கியது. அத்தான் தொட்டியின் குறுகிய வாயருகே குரல் கொடுத்தார்; உள்ளே மூலை முடுக்கு மேலிருந்து தெரியாது. பக்கத்துத் தொட்டி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வாசலைப் பார்த்தார். அவன் வண்டி இல்லை. மருத்துவமனை அலைச்சலுக்கு அவன் மச்சினன் அதை எடுத்துப் போனது எங்களுக்குத் தெரியாது.

"பொண்டாட்டிய பாக்க ஓடிட்டான்" என்றார் என் காதோடு. திட்டவில்லை, சிரித்தார். "மானேஜருக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவான். நீ வாயத் திறக்காத."

வாழ்நாளில் யாருக்காகவும் விதியை வளைக்காத மனிதர் அன்று மகனுக்காக வளைத்தார். தன் கொத்துச் சாவியால் அந்தப் பூட்டைத் திறந்து, தானே பொத்தானை அழுத்தினார்.

ஐயோ, அந்தச் சத்தம். உடனே நிறுத்திவிட்டார்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வெளிய வாடா கண்ணு" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் மருத்துவமனைக்குப் போனபோது குழந்தை பிறந்திருந்தது. மருமகள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவர் எங்க மாமா? பாதியில வந்தா அப்பாவுக்குத் தலைகுனிவு, முடிச்சுட்டே வரேன்னு போன்ல சொன்னாரு. இன்னுமா முடியல?"

அவள் குழந்தையை அத்தானிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.