கூரை மேல் எறிந்த மாமாவின் பல்

இந்த வயதிலும் கரும்பை நான் வாயால்தான் உரிக்கிறேன். கத்தி வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் முறுக்கைக் காப்பியில் ஊறப்போட்டுத் தின்கிறார்கள். காலையிலும் படுக்கப் போகுமுன்பும் பல் தேய்ப்பதை நான் ஒரு நாளும் விட்டதில்லை. என் மாமாவுக்கே அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பாதி உண்மைதான் அது.

மாமா, அம்மாவின் தம்பி. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. நாகசுரம் வாசிப்பவர். வெற்றிலையும் புகையிலையும் எந்நேரமும் கன்னத்தில் அடங்கியிருக்கும். வாசிக்கிற நேரத்தில்தான் துப்புவார். செங்கல் பொடியால் பல் தேய்ப்பார். தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. தேய்ப்பதை நிறுத்தினார், ரத்தமும் கண்ணில் படாமல் போயிற்று. சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். அத்தை மட்டும் அவருக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருவருக்கும் ஏதோ சண்டை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோதே மாமாவின் முன்பல் ஒன்று கழன்று கையில் வந்துவிட்டது. நாகசுரத்தின் முனையில் செருகும் சீவாளியை உதடு கவ்வ வேண்டும். உதட்டுக்கு முட்டுக்கொடுப்பது முன்பல். அப்பா அவரைக் கும்பகோணத்துப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஈறு அழுகியிருக்கிறது, பக்கத்துப் பற்களும் ஆடுகின்றன, புகையிலையை விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்த்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்து வந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஈறு இறுகினால் போன இடத்தில் பல் கட்டலாம் என்று டாக்டர் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மாமாவின் நாகசுரம் இனி உறையைவிட்டு வெளியே வராது என்று அம்மா அழுதது மட்டும் அன்றைக்கே தெரிந்தது.

கொல்லையில் போய்ப் பார்த்தேன். மாமா விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது பிரஷ் பிரிக்காமல் கிடந்தது. கன்னத்தில் புகையிலை.

எனக்கும் அப்போது பல் விழுகிற வயது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு முளைத்தும் இருந்தது. ஆகவே மாமா கையிலிருந்து பல்லை எடுத்தேன், கொட்டிலில் சாணி பிடித்து உருட்டினேன், ஓட்டு மேல் வீசினேன்.

மாமா என்னையே பார்த்தார்.

"மொளைக்குமா குட்டி?"

"வாயச் சுத்தமா வச்சிருந்தா மொளைக்கும். அம்மா சொன்னாங்க. அதத் துப்புங்க மாமா."

என்னைப் பல் தேய்க்க வைப்பதற்கு அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். மாமா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் துப்பினார்.

அதிலிருந்து காலையில் எழுந்ததும் எனக்கு அதுதான் வேலை. மாமாவை வெயிலில் உட்காரவைத்து, உதட்டை விரலால் விலக்கி, முளை தெரிகிறதா என்று பார்ப்பேன். நாற்றம் அடிக்கும்தான். அதைப் பார்த்தால் வேலை ஆகுமா? பிரஷ் நனையாமல் இருந்தால் திட்டுவேன். புகையிலை இல்லாமல் மாமா எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். ஒரு நாள் அவர் மடியில் பொட்டலத்தைக் கண்டுவிட்டு, கூரையில் பல் கருகிப் போகும் என்று நான் அழுத அழுகையில் அதை வாய்க்காலில் எறிந்தார். பிரஷ் பட்டு மறுபடி ரத்தம் வந்தபோது விட்டுவிடத்தான் பார்த்தார். அப்பா விடவில்லை; ரத்தம் வந்தாலும் தேய்க்கத்தான் வேண்டும், மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவாம். மழை ஓய்ந்த சமயம் ரத்தம் நின்றது. ஆடிய பற்களும் நிலைகொண்டன. முளையைத்தான் காணோம்.

தை பிறந்ததும் மாமா கும்பகோணம் போய்வந்தார். வாயைத் திறந்தால் பல் இருந்தது! தெருத் தெருவாக ஓடிச் சொன்னேன். கேட்டவர்களிடம் மாமாவும், கூரையில் போட்ட பல்தான் என்றார். அன்று சாயங்காலம் அதே பல் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்து, முளைத்த பல் மறுபடி விழுந்துவிட்டது என்று கத்தினேன்.

"இப்பத்தானே நட்டிருக்கு" என்றார் மாமா. "வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி காட்ட வேணாமா?"

வயலுக்கு நடுவே பிறந்தவள் நான். நியாயமாகத்தான் பட்டது.

அந்த வாரமே பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மாமா வாசித்தார். விடிந்ததும் வழக்கம்போல வாயைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் அத்தை வந்திருந்தாள். மாமாவின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போடி. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள். மாமா வாயைத் திறந்தபடியே சிரித்தார்.

பாடுபட்டு முளைக்க வைத்தவள் நான், அறுப்புக்கு வந்து நிற்கிறாள் இவள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பல்லைப் பார்க்க இவ்வளவு கிட்டத்திலா போக வேண்டும், அத்தைக்குக் கண் மங்கிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.