நடவுச் சட்டையின் கை

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். நடந்ததில் பாதி மறந்தும்போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கண் தெரியாத, அதோடு வேறு குறைகளும் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் படிப்பை முடித்து, என் மகள் ஒரு பகல் பள்ளியில் டீச்சரானாள். நான் அங்கேயே ஆயா. என் நாத்தனார் கேட்டாள்: "ஏன் அண்ணி, குருட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டவா இவள காலேஜுக்கு அனுப்புனீங்க?"

அங்கே கண்ணும் தெரியாத, காதும் கேட்காத சிறுமி ஒருத்தி இருந்தாள். அம்மாக்காரி பூதலூர்ப் பக்கம் நடவுக்குப் போவதற்கு முன் விட்டுப்போவாள். அம்மா இனி வரவேமாட்டாள் என்று நினைத்து, பிள்ளை சுவரில் தலையை மோதிக்கொள்ளும்.

வயலில் சேலைமேல் போட்டுக்கொள்ளும் ஆம்பிளைச் சட்டையின் ஒரு கையை, துவைக்காமல், பிள்ளையின் அம்மாவிடமிருந்து வெட்டி வாங்கினாள் என் மகள். சாயங்காலம் அம்மா வாசலுக்கு வந்ததும் முதலில் பிள்ளை கையில் அந்தத் துணி, அப்புறம் அம்மாவின் கை. தினமும் இதே. நாளாக ஆக, சேற்று வாசனை மூக்கில் பட்டதுமே பிள்ளை எழுந்து நிற்க ஆரம்பித்தாள்.

"இதாம்மா அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை. ஒருவாட்டி பொய்யாச்சுன்னா போச்சு" என்று மகள் துணியை அலமாரி மேல் வைத்திருப்பாள்.

ஒருநாள் யாரோ பெரிய மனிதர் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போட வந்தார்கள். போட்டோ எடுக்கும் நேரத்தில் பிள்ளை தலையை மோத ஆரம்பித்தாள்.

"அந்தத் துணியக் குடு" என்றாள் பள்ளியை நடத்திய மேடம்.

"அவங்கம்மா வர சாயங்காலமாகும் மேடம். இப்பக் குடுத்தா ஏமாத்துறது."

"அதுக்குத் தெரியவா போவுது? நேத்து வந்த டீச்சரு, எனக்குப் பாடம் எடுக்குறா!"

வந்தவர்கள் சிரித்தார்கள். மேடமே எடுத்துப் பிள்ளை கையில் திணித்தாள். பிள்ளை சிரித்தாள். போட்டோ எடுத்தார்கள்.

பிறகு சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பாயசத்தை வாங்கவில்லை, உட்காரவும் இல்லை. நின்றபடியே பாவாடை நனைந்தது. மகள் தொட்டாள், அந்தக் கையைப் பிள்ளை மோந்துபார்த்துத் தள்ளிவிட்டாள்.

பொழுது சாய்ந்து வந்த அம்மாவின் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

"விடியக்காலேலேர்ந்து குனிஞ்சு நட்டுட்டு வரேன், என்னியக் கடிக்கிறியாடி!" முதுகில் ஓங்கி விழுந்தது அடி.

"அடிக்காதீங்கக்கா, தப்பு எங்களுது."

"படிக்க வக்கிறேன்னு கடிக்கத்தான கத்துக்குடுத்திருக்கீங்க!"

மறுநாள் பிள்ளை துணியை எறிந்தாள். சோற்றுக்கு அடையாளமாகக் கொடுத்த கரண்டியையும் எறிந்தாள். அந்த வாரமே அம்மா அவளை நிறுத்திவிட்டாள். இப்போது நடவுக்குப் போகும்போது கட்டில் காலில் கட்டிப்போட்டுப் போகிறாளாம்.

மகள் ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு எட்டும்படி உள்ளங்கையை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை இன்னும் தொடவில்லை.

அது குறுவை நடவா, சம்பா நடவா என்று எனக்குக் குழம்புகிறது. மகளிடம் கேட்கத் தைரியமில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பிசகியிருப்பதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.