தனி மடல்கள்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்ததும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, கட்டற்ற மென்பொருள் குழு ஒன்றுக்காக லினக்ஸ் மெனுக்களைத் தமிழாக்குவேன். சம்பளம் கிடையாது, ஆசைதான். ஒரு சொல் தப்பாகிவிட்டதற்கு, குழுத் தலைவர் எல்லாரும் படிக்கும் பொது மடலில், "தமிழே தெரியாத ஜென்மங்களுக்கு இங்கே என்ன வேலை" என்று எழுதினார்.

அன்றே குழு நண்பர்களின் ஆறுதல் மடல்கள் வந்தன. எல்லாம் எனக்கு மட்டும். திருநின்றவூர் அண்ணன் ஒருவர் போனே செய்தார்.

"அவரு அப்டித்தாம்மா. மனசுல வெச்சிக்காத."

"இதையே குரூப்ல எழுதுங்கண்ணா, அவரும் படிக்கட்டும்."

"அவரு கோச்சிக்கினு பூட்டாருன்னா குரூப்பை யாரு பாக்கறது?"

நான் போனால் பரவாயில்லை போலிருக்கிறது. போய்விட்டேன்.

சமீபத்தில் அந்தப் பழைய பொது மடலைத் தேடி எடுத்தேன். அவர் திட்டியது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பதில்கூட இல்லை.