சித்தப்பா பூட்டிய குழு

உடைந்த டிஎன்ஏவை உடம்பின் செல் எப்படிச் சரிசெய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பழுது பார்க்க வரும் புரதங்கள், உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களின் வாயை முதலில் அடைக்கும். வேலை முடிந்ததும் திறந்துவிடும். சில சமயம் திறக்காது. டிஎன்ஏ சரியாகியிருக்கும், மரபணு மட்டும் ஊமையாகவே கிடக்கும். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று சித்தப்பா கேட்பார்.

அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியில் எங்கள் குடும்பக் குழுவுக்கும் அவர்தான் அட்மின். ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஆட்டு பிரியாணியா கோழி பிரியாணியா என்று பொங்கோலில் இருக்கும் அக்காவும் ஈசூனில் இருக்கும் அத்தையும் அதில் மோதிக்கொண்டார்கள். தன்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி சித்தப்பா குழுவைப் பூட்டினார். இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, இரண்டு பிரியாணியும் வாங்கி, சமாதானம் செய்து வைத்தார். பூட்டை மறந்தார்.

அவருக்குக் கோபம் தீரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பெரியவரிடம் போய்த் திறந்துவிடுங்கள் என்று யார் சொல்வது? அவரோ தினமும் காலை வணக்கம் அனுப்பினார். பூட்டிய குழுவில் எங்களால் முடிந்தது கட்டைவிரல் காட்டுவது மட்டும்தான். பயபக்தியோடு காட்டினோம்.

தீபாவளி நெருங்கியபோது என்னைத் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். வாங்கி வைத்த தே தாரிக் டீயைத் தொடவே இல்லை. இந்த வருஷம் தன் வீட்டில் விருந்து கிடையாது என்றார்.

"உங்க சித்தி போனப்புறம் எனக்கு அந்த குரூப்தான். எல்லாரும் கட்டைவிரல் காட்டுறீங்க. ஒரு வார்த்தை இல்ல."

நேராகச் சொல்லத் தைரியம் வராமல் என் ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். முதல்முறையாகக் கவனித்துக் கேட்டார்.

"வேலை முடிஞ்சும் வாயைத் திறந்து விடலையா? எவன் லா அங்க சூப்பர்வைசர்?"

என் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தேன். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அதில் இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் பூட்டைத் திறந்தேன்.

தீபாவளிக்கு ஆட்டு பிரியாணிதானே சித்தப்பா என்று அக்கா உடனே எழுதினாள். கோழி என்று அத்தை வந்தார். சித்தப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சண்டை முற்றுகிறதே, மறுபடி பூட்டிவிடவா என்று கேட்டேன்.

என் கையிலிருந்த தன் கைப்பேசியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.