வலது கால்

பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இயேசு சீடர்களுக்குக் கழுவியதன் நினைவு. எங்கள் ராயபுரம் கோயிலில் வலது காலை மட்டும் நீட்டுவதுதான் வழக்கம். இதில் ஒரு கூத்து உண்டு. பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலை யாரும் சாமியார் கையில் கொடுத்ததில்லை.

தெருவுக்கு ஓர் ஆள். அந்த வருடம் எங்கள் தெருவுக்கு என் அண்ணன் பெயர் வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கியே ஐம்பதைத் தாண்டியவன். திருவிழாவில் கொடி பிடிக்கக்கூட அவனை யாரும் கூப்பிட்டதில்லை. புது வேட்டி வாங்கி வந்து என்னிடம் காட்டி, நல்லாயிருக்கா என்று இரண்டு தடவை கேட்டான்.

அவனுக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் ஆறாத புண், அதன்மேல் கட்டு. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. ஜனங்கள் பார்ப்பார்கள், சாமியார் குனிந்து பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்ய வேண்டும், சங்கடம் என்றார்கள். நானும் பேரவை உறுப்பினன்தான். வாயைத் திறக்கவில்லை. தம்பிதானே, நீங்களே உட்காருங்கள் என்றார் உபதேசியார். தலையாட்டினேன். உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அண்ணனிடம் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. புண்ணில் தண்ணீர் படக்கூடாது, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று அளந்தேன். அவன் பீரோவைத் திறந்து அந்த வேட்டியை எடுத்து நீட்டினான்.

"ஒன்னாண்ட வெள்ளை வேட்டி கீதா? இத்தக் கட்டிக்கினு போ."

கட்டிக்கொண்டு போனேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிரசங்கம் முழுக்கத் தாழ்ச்சிதான். பிறகு சாமியார் முழங்காலிட்டு, தேய்த்துப் பளபளத்த என் காலைக் கழுவி, துடைத்து, முத்தி செய்தார். கடைசித் தூணோரம் அண்ணன் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததா, ஜில்லென்று இருந்ததா என்று கேட்டான். வெதுவெதுப்பு என்றேன். வேட்டியை மடித்துப் பீரோவில் வைத்தான். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னான்.

"எடது காலு நல்லாத்தான்டா கீது. கேட்டிருந்தா அத்த நீட்டியிருப்பேன்."

ஒரு மணி நேரம் கூட்டம் போட்டுப் பேசினோம். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து கோயிலே கதி என்று கிடப்பவர்கள். அந்த மனுஷனுக்கு இன்னொரு கால் இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களை விடுங்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் பெரிய வியாழனன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. பேசினில் வெந்நீர் விளாவி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டுணா என்றேன். பேசினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வேணாம்டா," என்றான். "காலையிலயே நானே கழுவிக்கினேன்."