தவறணையைப் பார்த்த கதவு

குருநகர் மக்டலீன் விடியற்காலை முதல் பஸ்ஸில் மீன் கடகத்தோடு ஏறி வலிகாமத்துச் சந்தையொன்றில் இறங்கினால், மத்தியானம் கழிந்துதான் திரும்புவாள். அதுவரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் எங்கே போவது? சந்தைக்குப் பின்னாலிருந்த பனங்கூடலுக்குள் எந்நேரமும் ஆண்கள் நிற்பார்கள். மலமும் ஈயுமாகக் கிடந்த அந்த இடத்தில் பெண்கள் ஒதுங்க வழியில்லை. எண்பத்துநாலில் அவளுக்கு அடிவயிறு எரிந்து காய்ச்சல் கண்டது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார் டொக்டர். காய்ச்சல் விட்டதும் அவள் பழையபடி ஒரு மிடறும் குடிக்காமலே பஸ் ஏறினாள்.

அடுத்த வருடம் உள்ளூராட்சிச் சபை சந்தையில் கக்கூசு கட்டியது. பெண்களுடைய அறையின் கதவு, தெருவுக்கு அந்தப்பக்கமிருந்த தவறணைக்கு நேரே திறந்தது. காலையிலேயே அங்கே கள்ளுக் குடிக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். மரக்கறி விற்கும் உடுவில் நாகேஸ்வரி முதல்நாள் உள்ளே போய் வெளியே வந்தபோது கைதட்டலும் விசிலும் கேட்டன. "அக்கா, சுகமோ?" என்று ஒருவன் கத்தினான். அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்தாள். பிறகு ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

மக்டலீன் சபைக் கந்தோருக்குப் போனாள். கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் இராசநாயகம் மேசையிலிருந்தபடியே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உந்த நாத்தத்தோடை உள்ளுக்கை வராதை. என்ன வேணும்?"

"கக்கூசுக்கு முன்னாலை ஒரு மறைப்புச் சுவர் வேணும் ஐயா. குடிகாரர் பாத்துச் சிரிக்கிறாங்கள்."

"பொம்பிளையள் ஒருத்தரும் அதைப் பாவிக்கிறேல்லையாம். தேவையில்லை எண்டுதானே அர்த்தம்?"

கந்தோரின் பின்பக்கம், கிடுகு வேலிக்குள், உத்தியோகத்தருக்கென்று ஒரு கக்கூசு இருந்தது. மக்டலீன் அவரைத் தாண்டி நேரே அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓவசியர் வெளியே நின்று கத்தினார். அவள் ஆறுதலாக, அவசரப்படாமல் வெளியே வந்து, "நாளைக்கும் வாறன். மற்றப் பொம்பிளையளும் வருவினம்" என்றாள்.

சொன்னபடி வந்தார்கள். மீன்காரிகளும் மரக்கறிக்காரிகளும் கந்தோர் முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். "உந்தச் சனியனுகள் இஞ்சை வராமல் இருந்தாக் காணும்" என்று சொல்லித்தான் ஓவசியர் சந்தையில் சுவர் எழுப்பினார். ஆனால் திறப்புவிழாவில் அவருக்கே மாலை விழுந்தது. பெண்களின் மானம் காத்தவர் என்று ஒருவர் மேடையில் பேசினார்.

"வாவன் அக்கா, போட்டோ எடுக்கினமாம்" என்றாள் நாகேஸ்வரி.

"நான் வரேல்லை. உவருக்குத்தானே என்ரை நாத்தம் ஆகாது."

ஒரு கிழமைகூட ஆகவில்லை. தவறணையிலிருந்து வந்தவர்கள் அந்தப் புதுச்சுவரிலேயே மூத்திரம் பெய்யத் தொடங்கினார்கள். பெண்கள் அந்த நாற்றச் சேற்றை மிதித்துத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. ஒருநாள் மக்டலீன் செதிலும் குடலும் கிடந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோடு நின்ற ஒருவனின் தலையில் கவிழ்த்தாள். அவன் இடுப்பில் அவிழ்ந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு தெருவால் ஓடினான். தவறணைக்காரர் அன்று விசிலடிக்கவில்லை.

எண்பத்தேழில் யுத்தம் வந்து சந்தை மூடும்வரை அவள் அங்கேதான் மீன் விற்றாள். அந்த வாளியும் எப்போதும் பக்கத்தில் நிறைந்தே இருந்தது.