தாளில் இல்லாத புள்ளி

எனக்கு எழுபத்தெட்டு வயது; நாலு பிள்ளைகளை வளர்த்தவள். மனோர் பார்க் வீட்டில், ஹலோவீனுக்கு முகம் வெட்டி விளக்கு வைக்க வாங்கிய பூசணிக்காயில், படம் வரைந்த தாளைப் பேத்தி ஒட்டித் தந்தாள். கோடுகளின்மேல் ஊசியால் குத்தினால் படம் தோலில் பதியும்.

"எனக்கோ சொல்லித் தாறாய்?" என்று பெருமையாகக் குத்தி முடித்தேன்.

தாளை உரித்தவள் சிரித்தாள். "அம்மம்மா, கன்னத்தில இந்தப் புள்ளி படத்தில இல்லையே. பிழையாக் குத்திப்போட்டியள்!"

மூன்று வயதில் காய்ச்சலில் இறந்த என் மூத்தவளுக்கு அந்த இடத்தில்தான் மச்சம். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அவளைச் சேர்த்து நான் சொல்வதில்லை. விரல் மறக்கவில்லை.

"பிழையில்லை. அதையும் வெட்டு" என்றேன். உள்ளே விளக்கு வைத்ததும் அந்த மச்சம்தான் முதலில் என்னைப் பார்த்தது.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும், பிள்ளை. மேலே நாலு என்றதை அஞ்சாக்கி, ஒருக்கா வாசி பார்ப்பம்.